கிளாராவுக்கு ஒரு ஆம்ப்ஸ்

கிளாராவுக்குத் தன் ஓரகத்தி பெனிட்டா மேல் பொறாமை என்று சொன்னால் ராயப்பன்பட்டியில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கிளாராவே ஆச்சரியப்பட மாட்டாள். பெனிட்டாவின் தலைமுடி நீளம். அவள் சுடுகிற தோசை வட்டம். அவள் பிள்ளைக்குச் சளி பிடித்தால் மருந்துக்குக் கேட்கும். கிளாராவின் பிள்ளைக்குப் பிடித்தால் பள்ளிக்கூடம் திறந்து மூடும்வரை இருமல் நிற்காது. கோயிலில் பெனிட்டா வாசகம் படித்தால் சாமியார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். இத்தனையையும் கிளாரா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துத்தான் வந்தாள். கடைசியில் அவளைப் பொறுக்க முடியாமல் செய்தது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு சர்க்யூட் போர்டு.

தோட்டம் ஊருக்குக் கிழக்கே, சண்முகாநதி அணைக்குப் போகிற பாதையில் இருக்கிறது. பன்னீர் திராட்சைப் பந்தல். மாமனார் சூசைமுத்து கண்ணை மூடுவதற்கு முன்னால் பந்தலை இரண்டு மகன்களுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தார். நடுவில் போகிற ஒரு கல்தூண் வரிசைதான் எல்லை. வடக்கே மூத்தவன் அமல்ராஜ், தெற்கே இளையவன் சகாய பிரவீன். கிணற்றையும் மோட்டார் ரூமையும் மட்டும் அவர் பிரிக்கவில்லை. கிணறு பொது, தண்ணீர் ஆளுக்கு ஒரு நாள் முறை. அது இன்றுவரை சண்டையில்லாமல் ஓடுகிறது, அந்த வட்டாரத்தில் அண்ணன் தம்பிகளுக்குள் அது லேசுப்பட்ட காரியம் அல்ல.

தோட்டம் ஆண்கள் பெயரில் இருந்ததே தவிர, பாடு பெண்கள் தலையில்தான். அமல்ராஜ் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறான். விடியுமுன் கம்பமெட்டு ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவான். பிரவீனுக்குச் சின்னமனூரில் சோலார் கடையில் வேலை. கொடி கட்டுவது, களை எடுப்பது, மருந்தடிப்பது எல்லாம் கிளாராவும் பெனிட்டாவும்தான்.

போன தடவை கொடி கழித்துக் கவாத்து செய்தபோது மழையில் அடிச்சாம்பல் விழுந்தது. இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்து, பிஞ்சு கறுத்து உதிர்கிற நோய். விழுந்த நோய் கிளாராவின் பாதியை முடித்துவிட்டு, கல்தூண் வரிசையோடு நின்றுகொண்டது. பெனிட்டா ஒரு நாள் முந்தி மருந்தடித்திருந்தாள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் நோய்க்குக்கூட அவள் மேல் மரியாதை என்று கிளாரா நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்கு அமல்ராஜ் உதிர்ந்த பிஞ்சைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "இன்னொருக்கா இப்பிடிப் போச்சுன்னா கொடிய வெட்டிருவேன் கிளாரா. நீயும் வந்து ஜீப்புல ஏறு. ஏலக்கா எடுக்கப் போவோம்."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கிளாராவுக்கு அது சாதாரணமாக இல்லை. அவள் மேகமலையில் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அட்டை கடித்த காலோடு கொழுந்துக் கூடை சுமந்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகிக் கீழே இறங்கிய அன்று இனிமேல் கூலிக்கு மலையேறுவதில்லை என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வந்தவள். பந்தல் போனால் அந்த வாக்கும் போயிற்று.

சண்டைக்குக் காரணமான மருந்தடிக்கிற மிஷினுக்கு இப்போது வருகிறேன். இரண்டு வீட்டிலும் முதுகில் மாட்டுகிற பேட்டரி மிஷின்தான். கிளாராவுடையது அமல்ராஜ் யாரிடமோ பழசாக வாங்கியது. பெனிட்டாவுடையது புத்தம் புதுசு. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அவள் அப்பா அனுமந்தன்பட்டியிலிருந்து கொண்டுவந்து இறக்கியது. ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்த நேரத்தைவிட மிஷினைப் பார்த்த நேரம் அதிகம்.

இரண்டையும் தோட்டத்திலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளட்டும் என்று பிரவீன் மோட்டார் ரூம் கூரையில் ஒரு சோலார் பேனலைப் போட்டான். உள்ளே சுவரில் மிஷினுக்கு ஒன்றாக இரண்டு போர்டு. ஒவ்வொன்றிலும் ஆம்ப்ஸ் காட்டுகிற சின்ன மீட்டர், சிவப்பு எழுத்து. ஓரகத்திகள் இருவரும் பக்கத்தில் நிற்க, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவற்றைச் செட் செய்தான்.

"இந்தா பாருங்க மதினி, இதுல நீலமா ரெண்டு திருகு இருக்கா? ஒன்னு வோல்ட்டுக்கு, ஒன்னு ஆம்ப்ஸுக்கு. ஒருக்கா வச்சாச்சுன்னா அப்புறம் ஆரும் தொடக் கூடாது."

முதலில் எதையும் மாட்டாமல் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டைச் சரிபார்த்தான். பிறகு போர்டிலிருந்து வெளியே வருகிற சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மல்டிமீட்டர் வழியாக ஒன்றோடு ஒன்று சேர்த்தான்.

"ஏங்க, ரெண்டையும் முட்ட வச்சாத் தீப்பொறி வராது?" என்று பெனிட்டா பின்னால் நகர்ந்தாள்.

"வராது. எவ்வளவு இழுத்தாலும் இவ்வளவுதான் தருவேன்னு போர்டு அடக்கிக்கிரும். அந்த இவ்வளவு எவ்வளவுன்னுதான் இப்ப வைக்கப்போறேன்."

கிளாராவின் போர்டில் நுனித் திருப்புளியால் மெல்லத் திருகினான். ஒன்று என்று வந்ததும் நிறுத்தினான். பெனிட்டாவின் போர்டில் திருகினான். ஒன்று வந்தது, நிறுத்தவில்லை. இரண்டு, மூன்று, நாலில்தான் கையை எடுத்தான். பிறகு பெனிட்டாவின் நெயில் பாலிஷை வாங்கி நாலு திருகின் தலையிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தான், யாரும் திருப்பிவிடாதபடிக்கு. ரோஸ் நிறம்.

"ஏந்தம்பி, எனக்கு மட்டும் ஒன்னு?" என்றாள் கிளாரா.

"ஒங்களுது பழைய லெட் பேட்டரி மதினி. அந்தச் சைசுக்கு ஒன்னுதான். மெதுவாத்தான் ஏத்தணும். கூடக் குடுத்தா சூடேறி உப்பிரும். இவளுது லித்தியம். நாலு குடுத்தாலும் தாங்கும்."

"எங்கப்பா வாங்கிக் குடுத்ததுல்ல, தாங்காம இருக்குமா?" என்று பெனிட்டா சொல்ல, புருஷனும் பெண்டாட்டியும் சிரித்தார்கள்.

அதில் குத்தல் எதுவும் இல்லை, நான் சத்தியம் செய்வேன். ஆனால் கிளாராவின் அப்பா கல்யாணத்துக்குக் கொடுத்தது ஒரு தகரப் பெட்டியும் எஸ்டேட் டீத்தூளும். அவளுக்கு அந்தச் சிரிப்பு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு மொச்சைக் குழம்பை ஊற்றிக்கொண்டே புருஷனிடம் ஆரம்பித்தாள்.

"பொதுக் கெணத்துல தண்ணி ஆளுக்குப் பாதி. பொது ரூம்புல, பொது வெயிலுல, அவுகளுக்கு நாலு, நமக்கு ஒன்னு. இது எந்த ஊருப் பங்கு?"

"எந்தா இது? வெயிலுக்குமா பங்கு?" மலையாளத்தான்களோடு பழகி அவன் வாயில் ஒட்டிக்கொண்ட வார்த்தை அந்த எந்தா. "அவன் படிச்சவன். தெரிஞ்சுதான் வச்சிருப்பான்."

"தெரிஞ்சுதான் வச்சிருக்காரு. அதத்தான நானும் சொல்றேன்."

அமல்ராஜ் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றிக்கொண்டான். ஆனால் கை கழுவும்போது, "நாலா வச்சிருக்கான்?" என்று ஒருமுறை கேட்டான்.

கல்லறைத் திருநாளன்று சூசைமுத்துவின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு நிமிரும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. அதன்பிறகு மழை விடவில்லை. கூரையில் பேனல் இருந்தும் வெயில் இல்லை. வழியில் மரம் விழுந்து ஊரிலும் கரண்டு இல்லை. பந்தலில் பூ உதிர்ந்து பிஞ்சு பிடித்திருந்த நேரம் அது. கிளாரா குடையைப் பிடித்துக்கொண்டு போய் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தாள். எண்ணெய் பட்டது மாதிரி மஞ்சள் திட்டு அங்கொன்றும் இங்கொன்றும் தெரிந்தது. இன்னும் வெள்ளை பூக்கவில்லை. மழை விட்ட முதல் நாளே மருந்து விழுந்தால் பந்தல் பிழைக்கும். விழாவிட்டால் போன தடவை மாதிரிதான்.

மழை விட்டது. காலையில் சுள்ளென்று வெயில். ஓரகத்திகள் இருவரும் ஓட்டமும் நடையுமாகத் தோட்டத்துக்குப் போய்ப் பேட்டரிகளை மாட்டினார்கள். மாட்டிவிட்டு மருந்து கலக்க உட்கார்ந்தார்கள். மயில்துத்தத்தை ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பை இன்னொன்றில் கரைத்து, பழைய சேலைத் துணியில் வடிகட்டி இரண்டையும் ஒன்றாக ஊற்றிக் கலக்கினார்கள். கிளாரா அரிவாளைக் கழுவி அதில் முக்கி எடுத்துப் பார்த்தாள். நுனியில் செம்புக் கறை ஏறியிருந்தது. சுண்ணாம்புக் காரம் பத்தவில்லை, இலையைச் சுட்டுவிடும்.

"இன்னுங் கொஞ்சம் சுண்ணாம்ப ஊத்து" என்றாள்.

பெனிட்டா ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அக்கா, எனக்கு வெரசா ஏறிரும். நான் அடிச்சு முடிச்சதும் என் மிஷினயே நீங்க எடுத்துக்கங்க. அது ஏறுறவரைக்கும் ஏன் காத்துக் கெடக்கணும்?"

"எனக்கு மிஷின் இருக்கு ஆத்தா."

"இல்லக்கா, மழை திரும்பி வந்துரும்னுதான்..."

"வரட்டும். இங்கன ஆரும் கரைஞ்சு போயிர மாட்டோம்."

பெனிட்டா வாளியைத் தூக்கிக்கொண்டு தன் பக்கம் போனாள்.

கிளாரா மோட்டார் ரூமுக்குள் போனாள். இருட்டில் இரண்டு மீட்டரும் சிவப்பாக எரிந்தன. ஒன்று, நாலு. பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பு எரிந்தது. ஒன்று, நாலு. மாமனார் இருந்திருந்தால் இப்படி ஒரு பங்கை ஒத்துக்கொண்டிருப்பாரா? வீட்டிலிருந்து வரும்போதே தையல் மிஷின் திருப்புளியை மடியில் செருகி வந்திருந்தாள். அதனால் திடீரென்று புத்தி கெட்டுப் போனதாக அவளும் சொல்ல முடியாது, நாமும் சொல்ல முடியாது.

தன் போர்டில் நெயில் பாலிஷைச் சுரண்டினாள். ரோஸ் பொருக்கு உதிர்ந்தது. இரண்டு திருகில் எது எதற்கு என்பது மறந்துபோயிருந்தது. முதல் திருகைத் திருப்பினாள். மீட்டர் அசையவில்லை. இன்னும் திருப்பினாள், இன்னும் திருப்பினாள். ஒன்று ஒன்றாகவே நின்றது. இது சும்மா போலிருக்கிறது என்று விட்டுவிட்டு மற்றதைத் திருப்பினாள். மீட்டர் ஏறியது. நாலு வந்ததும் நிறுத்தினாள்.

இரண்டு மீட்டரிலும் நாலு. கிளாராவுக்கு அப்படி ஒரு நிம்மதி. வெளியே வந்து வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து, பழைய சோறும் சுட்ட கருவாடும் ருசித்துச் சாப்பிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பெனிட்டா தன் பேட்டரியை எடுக்க ரூமுக்குள் போனாள். வெளியே வந்தவள் கிளாராவை ஒரு பார்வை பார்த்தாள். அவள் பக்கத்தில் இருந்த ஒயர்க்கூடையில் எதையோ வைத்துவிட்டுப் போனாள். கிளாரா எட்டிப் பார்த்தாள். தையல் மிஷின் திருப்புளி. சுவிட்ச் பெட்டி மேலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

தூக்குச்சட்டியை மூடினாள். பெனிட்டாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடக் கிளாராவுக்கு ஆறியிருக்கும்.

நம் பேட்டரியும் ஏறியிருக்கும் என்று எழுந்து போனால் ரூம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். பேட்டரி இரண்டு பக்கமும் புடைத்துக்கொண்டு நின்றது. தொட்டாள், கை சுட்டது. வயரைப் பிடுங்கிப் போட்டாள். சூடு ஆறின பிறகு மிஷினுக்கு அடியில் இருக்கிற அதன் பெட்டியில் வைத்துப் பார்த்தாள், நுழையவில்லை. வெளியே வைத்து வயரை மட்டும் கொடுத்துப் பார்த்தாள். மோட்டார் ஒருதரம் முனகிவிட்டு அடங்கிப்போயிற்று.

கிளாரா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். மேகமலைப் பக்கம் லேசாகக் கறுக்க ஆரம்பித்திருந்தது.

பெனிட்டா தன் பாதியை முடித்துவிட்டு வந்தாள். புருஷனின் பழைய சட்டை, தலையில் துண்டு, முகமெல்லாம் நீலத் தெறிப்பு. வாசல்படியையும் பேட்டரியையும் பார்த்தாள். மறுபடி டேங்கை நிரப்பிக்கொண்டு கல்தூண் வரிசையைத் தாண்டி வடக்குப் பாதிக்குள் நுழைந்தாள். கையை உயர்த்தி இலைக்கு அடியில் அடிக்க ஆரம்பித்தாள்.

"ஏய், அது எம் பந்தலு."

"மழைக்கு அது தெரியுமாக்கா? அந்தா பாருங்க, எப்பிடிக் கறுத்துக்கிட்டு வருதுன்னு. வாளியக் கொண்டாங்க."

கொண்டுபோகாமல் என்ன செய்வது? தன் சொந்தப் பந்தலுக்குள் கிளாரா கையாளாக நின்று மருந்தை மொண்டு மொண்டு ஊற்றினாள். பெனிட்டா ஒரு இலை விடாமல் அடித்தாள். நன்றாகத்தான் அடித்தாள். கிளாரா அடித்தால் இதைவிட நன்றாக அடிப்பாள் என்று சொல்ல முடியாது. அதையும் கிளாரா கவனித்துக்கொண்டாள்.

மலையில் மழை என்று ஏலத்தோட்டத்தில் ஆட்களைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். அமல்ராஜ் ஜீப்பை நேராகத் தோட்டத்துக்கே கொண்டுவந்தான். உப்பின பேட்டரியைத் தூக்கிப் பார்த்தான். கிளாரா முகத்தைப் பார்த்தான். அவள் வாளிப் பக்கம் குனிந்துகொண்டாள். போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டான். பிரவீன் சின்னமனூரிலிருந்து பைக்கில் பறந்து வந்தான். வந்து நின்று ஸ்டாண்டு போடுவதற்குள் அண்ணன் பிடித்துக்கொண்டான்.

"ஏலே, இது என்னலே? ஒனக்கு நாலு, எனக்கு ஒன்னு. அந்த ஒன்னையாவது ஒழுங்காத் தர மாட்டயா?"

"என்னண்ணே சொல்ற? இருண்ணே, பாக்குறேன்." பிரவீன் உள்ளே போய் மல்டிமீட்டரை வைத்தான். அவன் முகம் மாறியது. "பதினேழு வோல்ட்டு வருது. நான் பதினாலேகால்தான் வச்சேன். ஆம்ப்ஸும் ஏத்தியிருக்கு. பாலிஷச் சொரண்டிட்டு ஆரோ ரெண்டையும் திருகியிருக்காக."

"ஆரு திருகுவா? சாவி ரெண்டு வீட்டுலதான இருக்கு? ஒன்னையத் தவிர இங்கன எவனுக்கு அது தெரியும்?"

"நான் எதுக்குண்ணே திருகணும்?"

"எம் பந்தலு நாசமாப் போகட்டும்னுதான். போன தடவ பிஞ்சு பூரா கொட்டுச்சே, அப்பயும் ஒம் பந்தலு நல்லாத்தான நின்னுச்சு?"

"அண்ணே, வார்த்தைய விடாத. அப்பிடி ஒனக்குச் சந்தேகமிருந்தாச் சொல்லு, இப்பவே பேனலக் கழட்டிக்கிறேன்."

"பேனல மட்டும் ஏன் கழட்டுற? கெணத்தையும் அளந்து நடுவுல சொவரக் கட்டு. ஒன் மூஞ்சில முழிக்காம நான் எம் பக்கம் எறைச்சுக்கிறேன்."

கிணறு என்ற வார்த்தை வந்ததும் சொன்னவனே மிரண்டுபோனான். ஆனால் சொன்னதை விழுங்குகிற சாதியா ஆம்பளைகள்? பிரவீன் விறுவிறுவென்று போய்க் கூரையில் ஏணியைச் சாய்த்தான்.

"நான்தான் மாமா திருகினேன்."

பெனிட்டா பந்தலுக்குள்ளிருந்து குனிந்து வெளியே வந்து அமல்ராஜ் முன்னால் நின்றாள். மிஷின் முதுகிலேயே இருந்தது.

"பாலிஷு மங்கிப்போச்சேன்னு சொரண்டிட்டுப் புதுசா வைக்கப் பாத்தேன் மாமா. திருகும் சேந்து சுத்திருச்சு போல. அவுக மேல தப்பில்ல. திட்டுறதா இருந்தா என்னையத் திட்டுங்க."

"ஒனக்கு அறிவிருக்காடி?" என்று பிரவீன் ஏணியடியிலிருந்து கத்தினான். "தொடாத தொடாதன்னு எத்தனவாட்டி சொன்னேன்?"

"விடுலே" என்றான் அமல்ராஜ். அவன் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "தெரியாமச் செஞ்சிருச்சு பிள்ளை. செஞ்சாலும் ஒளிக்காம வந்து சொல்லுது பாரு. நம்ம பந்தலுக்கும் அதுதான மருந்தடிச்சுக்கிட்டு நிக்குது. இந்த மனசு ஆருக்குலே வரும்?"

கிளாரா வாய் திறக்காமல் இருந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஏணியை எடுத்து ஓரமாக வைத்திருப்பார்கள். கிணறு கிணறாகவே இருந்திருக்கும். மிச்ச வரிசைக்கும் மருந்து விழுந்திருக்கும். பெனிட்டா எதற்காகப் பொய் சொன்னாள் என்பதும் கிளாராவுக்குப் புரியாமல் இல்லை.

அவள் திடீரென்று நல்லவளாகிவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். மனசாட்சி குத்தவும் இல்லை. "இந்த மனசு ஆருக்குலே வரும்" என்று தன் புருஷன் வாயால் கேட்டதுதான் அவளால் தாங்க முடியவில்லை. அவளைப் பார்த்து அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

"அவ பொய் சொல்றா" என்றாள் கிளாரா.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"நான்தான் திருகினேன். தையல் மிஷின் திருப்புளிய வச்சு, ரெண்டையும் நான்தான் திருகினேன். எனக்கும் நாலு வேணும்னுதான் திருகினேன்."

"அக்கா, சும்மா இருங்கக்கா..."

"நீ பேசாத. மிஷின் ஒன்னோடது. வாங்கிக் குடுத்த அப்பன் ஒன்னோட அப்பன். நாலு ஆம்ப்ஸும் ஒனக்கு, நல்ல பேரும் ஒனக்கு. நான் பண்ணுன தப்பையாச்சும் எங்கிட்ட விட்டுட்டுப் போ."

அமல்ராஜ் "எந்தா" என்று ஆரம்பித்து மிச்சத்தை விட்டுவிட்டான். தம்பி முகத்தைப் பார்க்க முடியாமல் கலங்கிக் கிடந்த மருந்து வாளியில் குச்சியை விட்டுக் கலக்கினான். பிரவீன் ஏணியை எடுத்துச் சுவரோடு படுக்க வைத்தான். கிணற்றைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேச்செடுக்கவில்லை.

பெனிட்டாவுக்குத்தான் முகம் சிவந்துபோயிற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளைக் கோபத்தில் யாரும் பார்த்ததில்லை.

"இத்தன பேரு முன்னால என்னையப் பொய்க்காரியாக்கிட்டீகளேக்கா" என்றாள். "ஒங்களுக்காகத்தான சொன்னேன்?"

"ஒன்னைய ஆரு சொல்லச் சொன்னா? கழட்டிக் குடு. மிச்சத்த நான் அடிச்சுக்கிறேன்."

பெனிட்டா வார்களைக் கழற்றி மிஷினை இறக்கித் தரையில் டொக்கென்று வைத்தாள். கையில்கூடக் கொடுக்கவில்லை. கிளாரா துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு டேங்கை நிரப்பினாள். தூக்கி முதுகில் மாட்டினாள். அவளுடைய மிஷினில் பேட்டரி இடுப்புக்கு மேல் கல்லாக உட்கார்ந்திருக்கும். வாரும் தோளை அறுக்கும். இதில் பேட்டரி இருக்கிற இடமே தெரியவில்லை. தோளுக்கு மெத்தென்று பட்டை வேறு.

இதைச் சுமந்துகொண்டா இவ்வளவு நாளும் சாயங்காலமானால் இடுப்பு வலிக்கிறது, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள் மகராசி?

மேகமலை பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. கிளாரா குனிந்து பந்தலுக்குள் நுழைந்தாள். ஒரு இலை விடாமல், பெனிட்டா அடித்ததைவிட ஒரு சுற்று அதிகமாக, தன் பந்தலுக்கு மருந்தடித்துக்கொண்டே போனாள். போகிற வழியெல்லாம் வாய்க்குள் பெனிட்டாவைத் திட்டிக்கொண்டே போனாள்.